உப்புக்கு ஒரு வேலி



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "ஐயா, அமெரிக்கா மெக்சிகோ எல்லையில சுவர் கட்டினா ஆளுக வர்றது நின்னுடுமா?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பழைய கதைதானே வரும்! இது நம் நாட்டுக் கதை.

வெள்ளையர் காலத்தில் உப்புக்கு மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு வரி. வங்காளத்தில் மிக அதிகம். மேற்கே விலை மலிவான உப்பு கிழக்கே வராமல் தடுக்கச் சுங்கக் கோடு ஒன்றை அமைத்தார்கள். 1869-இல் அது சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டது. அமெரிக்கா மெக்சிகோ எல்லையைவிட அதிக நீளம்! காவலுக்குச் சுமார் 12,000 பேர். வழியில் பல இடங்களில் இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என முள்வேலி. சில இடங்களில் 12 அடி உயரம், 14 அடி அகலம். அதை உயிர்வேலியாக வளர்க்கப் பாடுபட்ட அதிகாரி யார் தெரியுமா? பின்னாளில் 1885-இல் காங்கிரஸ் உருவாக முன்நின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான்.

வேலி பலித்ததா? கஜானாவுக்குப் பலித்தது. 1869-70-இல் உப்பு வரி 1 கோடியே 25 லட்சம் ரூபாய்; செலவு 16 லட்சம்தான். ஆனால் கடத்தல் நிற்கவில்லை. மூட்டையை வேலிக்கு மேலே வீசினார்கள். காவலருக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். கும்பலாக மோதிக் கடந்தார்கள். 1877-78-இல் மட்டும் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் 6,000-க்கு மேல். பிடிபடாதவர் கணக்கு யாரிடம் இருக்கிறது?

கடைசியில் அதற்கு முடிவு கட்டியது வரிச் சீர்திருத்தம். வங்காளத்தில் வரியைக் குறைத்து, மற்ற மாகாணங்களில் கூட்டி, ஏறக்குறைய சமமாக்கினார்கள். கடத்தினால் லாபமில்லை என்றானது. 1879 ஏப்ரல் 1-ஆம் தேதி சுங்கக் கோட்டையே கைவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்கு விலை கொடுத்தது யார்? நம் சென்னை மாகாணத்து ஏழைகள். தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே உப்பு வரி 37 கிலோவுக்கு இரண்டரை ரூபாயாக ஏறியது.

நம் புதுக்கோட்டைக்கும் இதில் பங்குண்டு. சமஸ்தானத்தைச் சுற்றிலும் வெள்ளையர் சீமை. இங்கே உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சினார்கள். வரி கட்டாத அந்த உப்பு எல்லை தாண்டுமே என்று ஆங்கில அரசுக்குக் கவலை. இங்கே வேலி போடவில்லை. சேஷையா சாஸ்திரி நிர்வாகம் நடத்திய காலம். 1887-இல் ஒப்பந்தம் ஆயிற்று. உப்புக் காய்ச்சுவதை நிறுத்த, சமஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய் ஈடு. பணம் அரண்மனைக்குப் போனது. காய்ச்சிப் பிழைத்தவர்களின் பிழைப்புப் போனது.

ஆகவே தம்பி, என் பதில் இது. சுவர் தாமதப்படுத்தும், கடப்பதற்கான செலவைக் கூட்டும், சிலரைத் தடுக்கும். இந்தப் பக்கம் பசியும் அந்தப் பக்கம் கூலியும் இருக்கும்வரை முழுவதுமாக நிறுத்தாது. உப்பும் மனிதனும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலியைத் தாண்டவைக்கும் கணக்கு ஒன்றுதான்.

விரிவாகப் படிக்க விரும்புவோர் ராய் மாக்ஸமின் நூலைத் தேடுங்கள். 'உப்பு வேலி' என்று தமிழிலும் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் உப்புக் காய்ச்சிய கதையைத் தாத்தா, அப்பத்தா யாரேனும் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். எழுதி வைக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.