‘காலி நிலம்’: காங்கோவில் ஒரு சட்டச்சொல்லின் வரலாறு

1885 ஜூலை 1 அன்று காங்கோ சுதந்திர அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காலி நிலங்கள் யாவும் அரசின் உடைமை என்பதே அதன் சாரம். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு தம் சொந்தச் சொத்துபோல் ஆண்ட அந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர்; பெல்ஜியத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேல்.

காங்கோக் கொடுமைகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் லியோபோல்டின் பேராசையைச் சுற்றியே அமைகின்றன. பேராசை உண்மைதான். ஆனால் அது எந்த வழியாகக் கட்டாய உழைப்பாகவும் வெட்டுண்ட கைகளாகவும் மாறியது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி. அந்த வழியைத் திறந்துவிட்டது ‘காலி நிலம்’ என்ற சட்ட வரையறை. அதனால்தான் மன்னர் நீங்கிய பின்னும் கொடுமையின் வேர் அறுபடவில்லை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

காடு யாருடையது?

காங்கோக் காட்டுப்பகுதிகளின் உழவு இடம்மாறிச் செய்யும் உழவு. ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் மரவள்ளியும் வாழையும் வைத்து, மண் களைத்ததும் அதை நெடுங்காலம் ஆறப்போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஆறப்போட்ட நிலம் கைவிட்ட நிலம் அன்று. வேட்டைக்காட்டுக்கும் மீன்பிடி ஓடைக்கும்கூட உரிமையுள்ள குடிகள் இருந்தார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனைகள் தழைத்து நிற்கும். இன்னாருடைய முன்னோர் அங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தத் தோப்பே சாட்சி.

புதிய அரசு இந்தச் சாட்சியை ஏற்கவில்லை. குடிசை நின்ற இடமும் அப்போது பயிர் நின்ற கொல்லையும் மட்டுமே மக்களுடையவை. மற்றவை காலி என்று நடைமுறையில் வைத்துக்கொண்டது. இது லியோபோல்டின் தனிக் கண்டுபிடிப்பும் அன்று. பிரிட்டிஷ் இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் எதிர்ச்சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை என்றது. இவ்வாறே இடம்மாறிச் சேனைப்பயிர் செய்த மலைநாட்டுக் குடியானவர்களிடம் காட்டுவதற்குப் பத்திரம் ஏது? முடிக்குரிய நிலங்கள் விற்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்து மக்கள் கடல் கடந்தார்கள்.

உடைமையிலிருந்து கட்டாய உழைப்புக்கு

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் கூடிய 14 நாடுகள், காங்கோ வடிநிலத்தில் எல்லா நாட்டினரும் தடையின்றி வாணிகம் செய்யலாம், ஏகபோகம் எவருக்கும் இல்லை என்று உடன்பட்டிருந்தன. அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. இந்த உடன்பாட்டைத் தாண்ட லியோபோல்டுக்கு உதவியது நில வரையறையே. காலி நிலம் அரசுடையது என்றால் அதில் விளையும் தந்தமும் ரப்பரும் அரசுடையவை. தன் விளைச்சலைத் தானே எடுப்பது வாணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகமும் ஆகாது. 1891 செப்டம்பரில் வந்த ஆணை இந்தத் தருக்கத்தை நடைமுறையாக்கியது. மக்களிடம் ரப்பர் வாங்கும் வணிகர் திருட்டுப் பொருள் வாங்கியவர் ஆனார். தன் காட்டில் பால் வடித்தவன் திருடன் ஆனான்.

விற்கும் உரிமை போனபின் அவனிடம் எஞ்சியது உடலுழைப்பு. அதை வரி என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் ரப்பருக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போனது. காங்கோவில் ரப்பர் தந்தது மரங்களில் சுற்றிப் படரும் காட்டுக்கொடி. அருகிலிருந்த கொடிகள் தீர்ந்ததும் ஆண்கள் நாள்கணக்கில் காட்டுக்குள் நடந்தார்கள். மரமேறிக் கொடியைக் கீறினார்கள். வடிந்த பாலை உடம்பில் பூசி உலரவிடுவதும் உண்டு. உறைந்ததை உரிக்கையில் மயிரும் சேர்ந்து பிய்ந்து வரும். கூடையின் எடை குறைந்தால் கசையடி. கணவன் ரப்பரோடு திரும்பும்வரை மனைவி பிணைக்கைதி. செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட, படைவீரர்கள் மனிதக் கைகளை வெட்டிக் கொண்டுபோனார்கள்.

லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் நிறுவனமொன்றின் எழுத்தராக ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு வந்துபோன எட்மண்ட் மோரல் இதைச் சரக்குப் பட்டியலிலேயே கண்டார். காங்கோவிலிருந்து வந்த கப்பல்களில் ரப்பரும் தந்தமும். திரும்பிய கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். வாங்கிய பொருளுக்கு ஈடாக எதுவும் போகவில்லை. ‘இது வாணிகம் அன்று’ என்ற மன்னரின் வாதம் அவர் எண்ணாத பொருளில் மெய்யாகியிருந்தது.

எதிர்வாதமும் விடையும்

லியோபோல்டு ஆட்சி ஒரு விதிவிலக்கு, 1908 நவம்பரில் பெல்ஜிய அரசு நாட்டை ஏற்றதும் அது முடிந்தது என்பார் உண்டு. கைவெட்டும் கொடுமை அடங்கியது மெய். அதற்காகப் போராடிய மோரல், பிரிட்டிஷ் கான்சல் ரோஜர் கேஸ்மென்ட், ஒளிப்படங்களால் உலகின் கண்ணைத் திறந்த ஆலிஸ் ஹாரிஸ் ஆகியோரின் பணி பெரிது. ஆனால் மன்னரே அமைத்த விசாரணைக்குழுகூட 1905இல், நிலச்சட்டத்தின் குறுகிய நடைமுறை மக்களை அவர்கள் குடியிருந்த, பயிரிட்ட துண்டுக்குள் அடைத்துவிட்டதைக் குறைகூறியது. பிரெஞ்சுக் காங்கோவும் 1899இல் சுமார் 40 நிறுவனங்களுக்குக் காட்டைக் கூறுபோட்டுக் கொடுத்திருந்தது. அங்கே லியோபோல்டு இல்லை, விளைவு வேறாகவும் இல்லை.

1911இல் பெல்ஜிய அரசு லீவர் நிறுவனத்துக்கு 7.5 லட்சம் ஹெக்டேர் வரை எண்ணெய்ப்பனை நிலம் எடுத்துக்கொள்ளும் உரிமை வழங்கியது. முன்னோர் குடியிருப்பின் சாட்சியாக நின்ற பனைகள் அந்த நிறுவனத்தின் சோப்புக்கு எண்ணெய் தந்தன. இந்தப் பனங்காய் அறுவடைக் கட்டாயத்துக்கு எதிராக 1931இல் குவிலு பகுதியின் பெண்டே மக்கள் கிளர்ந்தபோது நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டு மாண்டார்கள்.

முடிவுரை

1960இல் விடுதலை வந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டம், மண் முழுவதும் அரசுக்கு மட்டுமே உரிய உடைமை என்று அறிவித்தது. ஆள்பவர் மாறினார், ‘நிலம் அரசுடையது, மக்கள் அதில் இருப்பவர்கள்’ என்ற 1885இன் அடிப்படை மாறவில்லை. ஏகாதிபத்தியத்தைப் படைகளாலும் மன்னர்களாலும் மட்டும் அளக்கும் ஆய்வு இந்தத் தொடர்ச்சியைத் தவறவிடும். ஆறப்போட்ட கொல்லையையும் பனந்தோப்பையும் உரிமைச் சான்றாக ஏற்கும் நிலச்சட்டம் வரும்வரை, காங்கோ மக்களின் நிலம் ஏட்டில் இன்னும் காலி நிலமே.