பாதாளம் வரைந்த கைகள்

சித்திரக்கதை மேலைநாட்டு நாளிதழ்களின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம் என்று சொல்வது வழக்கம். கட்டங்களும், வாயிலிருந்து எழும் பேச்சுக் குமிழிகளும் அப்படி வந்தவைதாம். ஆனால் ஒரு கதையைத் துண்டு துண்டாக்கி, துண்டுக்கொரு காட்சி வைத்து, காட்சிக்குரிய பெயரையும் எழுதிவைக்கும் முறை சுவாமிமலைக்கு மிக அண்மையில் உள்ள தாராசுரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கல்லில் நிகழ்ந்திருக்கிறது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் வரிசையாகச் செல்லும் சிறுசிறு புடைப்புச் சிற்பங்கள் நாயன்மார் வரலாற்றைக் கூறுகின்றன. அவற்றுக்குரிய பெயர்கள் கல்லிலேயே பொறிக்கப்பெற்றுள்ளன. ஓர் அடியாரின் நெடிய வாழ்விலிருந்து எந்த ஒரு கணத்தை எடுத்து நிறுத்துவது என்பதே அச்சிற்பிக்கு இருந்த சிக்கல். பிற்காலத்துப் படக்கதை ஓவியர் ஒவ்வொருவர் மேசையிலும் வந்து நின்ற சிக்கலும் அதுவே.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உள்நடை இன்னொரு சான்று. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் திருமணம் தடைப்பட்டதும், அவர் வெள்ளானை மீதேறிக் கயிலை சென்றதும் அங்கே ஒரே சுவரில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. விளக்கின்றிப் பார்க்க இயலாத இடத்தில் இவ்வளவு பெரிய கதையைத் தீட்டியவர்கள் யாருக்காகத் தீட்டினர் என்று வியக்கத் தோன்றும்.

வடிவம் இருக்கட்டும். மண்ணுக்கடியில் இறங்கும் கதையும் தமிழுக்குப் புதிதன்று. கிட்கிந்தா காண்டத்தில் கம்பர் வைத்த பிலம் புக்கு நீங்கு படலத்தை வியன்புனைவுச் சாகசத்தின் முழு இலக்கணமாகவே கொள்ளலாம். நீர் வேட்கையோடு வானரர் பிலத்துள் நுழைகின்றனர். இருளில் வழி தெரியாமல் அனுமன் வாலைப் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். உள்ளே ஒளிவீசும் நகர் ஒன்றும், தவம் செய்யும் சுயம்பிரபையும் எதிர்ப்படுகின்றனர். இறுதியில் அனுமன் பேருருக் கொண்டு பிலத்தைப் பிளக்கிறான். வான்மீகத்தில் தவமகளே அவர்களைக் கண்மூடச் செய்து வெளியேற்றுகிறாள். கம்பர் அதை மாற்றினார். வெளியேறும் வழியைப் பிறர் அருளாமல் வீரனே உடைத்துக்கொள்ளும்போதுதான் சாகசக் கதை நிறைவுறுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கல்கி தஞ்சைக் கோட்டைக்கு அடியில் ஒரு பாதாளத்தைக் கட்டினார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் பழுவேட்டரையர் நிலவறையில் தடுமாறுகிறான். பொற்காசுக் குவியல்களும், சிலந்திகளும், எலும்புக்கூடும் அவன் கண்ணில் படுகின்றன. பின்னர்த் தங்கசாலையை ஒட்டிய பாதாளச் சிறையும் கதைக்குள் வருகிறது. இன்று தஞ்சையில் காணப்படும் கோட்டையோ நாயக்கர் காலத்தது. பார்த்து வரைவதற்குச் சோழர் அரண்மனை எதுவும் அங்கே எஞ்சி நிற்கவில்லை. ஓவியர் மணியம் இல்லாத ஒன்றை வரைய வேண்டியிருந்தது. கல்கி அவரை அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குத் தம்முடன் அழைத்துச் சென்றவர். கொண்டையும் அணிகலனும் ஆடை மடிப்பும் சிற்பங்களிலிருந்தும் செப்புத் திருமேனிகளிலிருந்தும் எடுக்கப்பெற்றன. இருளை எங்கிருந்தும் எடுக்க இயலாது. கோட்டோவியத்தில் இருள் என்பது மையின் அளவு. மை மிகுந்தால் மலிவுத் தாளில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் நிலவறை நடுப்பகல் கூடமாகிவிடும். ஒரு தீவட்டியை வைத்து, அதன் ஒளி எட்டுமளவுக்கு மட்டும் உருவங்களைத் தெரியவிட்டு, எஞ்சியதை வாசகன் அச்சத்துக்கு விட்டுவிடுவதே இத்துறை ஓவியர்கள் கண்ட வழி.

மணியம் பிறந்தது 1924இல். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு பிறந்ததும் அதே ஆண்டில். 'அம்புலிமாமா'வின் சங்கர் பிறந்ததும் அதே ஆண்டில். தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைக் கட்டங்களாக்கி விகடனில் வரைந்த கோபுலுவின் நாட்டம் நகைச்சுவையில் இருந்தது. மயானத்து மரத்திலிருந்து வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் விக்கிரமன் என்றதும் தமிழர் மனத்தில் எழும் உருவம் சங்கர் தந்தது.

1947இல் சக்கரபாணியும் நாகி ரெட்டியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். அதில் மாதந்தோறும் வந்த மாயத் தொடர்கள்தாம் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியவை. 1952இல் அங்கே பணியில் சேர்ந்த தாசரி சுப்பிரமணியம் அவற்றைத் தெலுங்கில் எழுதினார். சித்ரா என்ற பெயரில் வரைந்த ஓவியர் அவற்றுக்கு உருவம் தந்தார். வெண்கலக் கோட்டை எனப் பொருள்படும் 'கஞ்சுகோட்டா', சுவாலைத் தீவு, அரக்கர் பள்ளத்தாக்கு, பாதாள துர்க்கம், சிதிலாலயம், கல் தேர், யட்ச பர்வதம், மாய சரோவரம் என்று அத்தொடர்களின் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலானவை வீரனின் பெயரைத் தாங்கியவை அல்ல. இடத்தின் பெயரைத் தாங்கியவை. இடமே கதையை நடத்துகிறது. வாயில், அதன் காவல், அதைக் கடக்கும் சூழ்ச்சி, அடுத்த வாயில் என்று கதை இறங்கிக்கொண்டே போக, மாதக் கடைசியில் ஒரு கதவு பாதி திறந்த நிலையில் நிற்கும். (வெண்கலத்தை உருக்கி வாழும் ஊரிலே வெண்கலக் கோட்டை என்ற பெயர் சிலரைப் புன்னகைக்கச் செய்யலாம்.)

சித்ராவின் அரக்கர்களில் ஒரு நுட்பம் உண்டு. கண்டறிந்த விலங்குகளின் உறுப்புகளைக் கூட்டியே காணாத விலங்கை அவர் உண்டாக்கினார். ஆதலின் குழந்தைகள் அஞ்சினாலும் நம்பினர். கோயில் யாளியைச் செய்தவனும் இதைத்தான் செய்தான்.

சிவகாசியின் வரலாறு வேறு வகை. 1972 சனவரியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், முல்லை தங்கராசன் ஆசிரியராக இருக்க, 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவந்தது. படம் சுபானிய ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. முதலில் வந்தது இங்கிலாந்தில். ஆங்கிலத்துக்கென அளவெடுத்து வரைந்த குமிழிக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்குவது எளிய வேலையன்று. யாப்புக்குள் சொல்லை அடக்குவோர் அதன் அருமையை அறிவர். தமிழிலேயே எழுதித் தமிழிலேயே வரைந்த படக்கதைகளுக்கு வாண்டுமாமாவும் ஓவியர் செல்லமும் முன்னிற்கின்றனர். 1984இல் தொடங்கிய 'பூந்தளிர்' அவர்களுக்குக் களமாயிற்று. 'மர்ம மாளிகையில் பலே பாலு'வின் தலைப்பிலேயே பழைய நிலவறையின் வாடை வீசுகிறது.

இவ்வளவு உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே போயின? மாயாவி முதலில் வெளிவந்த இங்கிலாந்து வார இதழில் எழுதியவர் பெயரும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. 'அம்புலிமாமா' தொடர்களிலும் தாசரியின் பெயர் அச்சிடப்பெறவில்லை. படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்தாவது நின்றது. தாசரியை அரை நூற்றாண்டு படித்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. பழைய மரபே அப்படித்தான், தாராசுரச் சிற்பி பெயர் பொறித்தானா என்று கேட்போர் உண்டு. சுவாமிமலை ஸ்தபதியும் மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை வடித்து, எஞ்சிய இருண்ட வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். திருமேனியில் தம் பெயரை இடுவதில்லை. எனினும் இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் நேர்மையாகாது. ஸ்தபதியின் படைப்பு வழிபாட்டுக்குப் போகிறது. அவர் இன்னாரென ஊர் அறியும், வாங்குவோரும் அறிவர். இதழ் நிறுவனத்திலோ பெயரின்மை ஆசிரியப் பீடத்தின் நடைமுறை. பெயரில்லாதவன் மறுபதிப்பின்போது உரிமை கேட்க இயலாது.

தாசரி 2010 சனவரியில் மறைந்தார். அதன் பின்னரே, ஆர்வலர் சிலர் முன்னின்று அவருடைய தொடர்களைத் தெலுங்கில் அவர் பெயரிட்ட நூல்களாகக் கொண்டுவந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் இதழும் நின்றது. கோபுலு 2015இலும், சங்கர் தமது தொண்ணூற்றேழாம் அகவையில் 2020 செப்டம்பரிலும் மறைந்தனர். இருவர் பெயரும் நாளிதழ்களில் வந்தன. அரக்கர் பள்ளத்தாக்கையும் பாதாள துர்க்கத்தையும் தமிழ்ச் சிறாருக்கு மாதந்தோறும் மொழிபெயர்த்துத் தந்தவர்களின் பெயர்கள் அத்தொடர்களின் தலைப்பில் அச்சிடப்பெறவே இல்லை.