நாவின் சாட்சியும் குருதியின் சாட்சியும்

1983 யூலையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் வாகனங்களை மறித்து நின்ற கும்பல்கள் தமிழரை எவ்வாறு இனங்கண்டன? வீடுகளுக்கு வாக்காளர் இடாப்பு வழிகாட்டிற்று. வீதியில் அகப்பட்டவனை என்ன செய்வது? முகத்தைப் பார்த்தார்கள், முகம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே 'பால்திய' என்று சொல்லும்படி பணித்தார்கள். வாளியைக் குறிக்கும் அச்சொல்லின் முதலெழுத்தில் தமிழ் நாவு இடறும் என்பது அவர்கள் கணக்கு. 1958ஆம் ஆண்டிலும் இப்பரீட்சை நடந்ததுண்டு. அச்சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது! அடித்தவன் மொழியிலும் அடிபட்டவன் மொழியிலும் பிறவாத ஒரு சொல் உயிரின் விலையைத் தீர்மானித்தது.

மொழி வேறானால் குருதியும் வேறு என்னும் நம்பிக்கை நம் தீவுக்கு மட்டும் உரியதன்று. பிரனீஸ் மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்களின் மொழிக்கு இன்று உறவுமொழி எதுவும் இல்லை. அதனால் அவர்களைக் கலப்பற்ற ஆதிக் குகைமனிதரின் வாரிசுகள் என்றனர் சிலர். நியண்டர்தால் மனிதரின் எச்சம் என்று சொல்லவும் துணிந்தனர். ஸ்பானியாவின் அட்டப்புவெர்க்காக் குகையொன்றில் கிடைத்த 3,500 முதல் 5,500 ஆண்டுப் பழமையான எலும்புகளை ஆராய்ந்தோர் 2015இல் வேறு விடை கண்டனர். வந்தேறிய விவசாயிகளும் அங்கிருந்த வேட்டுவரும் கலந்த வழியில் வந்தவர்களே பாஸ்க் மக்கள். தனித்து நின்றது பின்னரே.

நியண்டர்தால் மனிதரின் எச்சமோ பாஸ்க் மக்களுக்கு மட்டும் உரிய சீதனமன்று. ஆபிரிக்காவை விட்டுப் பரந்த நம் முன்னோர் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களுடன் கலந்தனர் என்பதைச் சுவாந்தே பாபோ குழுவினர் 2010இல் நிறுவினர். கொரோனா நோயைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டு அவ்வுறவில் வந்தது என்று 2020இல் தெரிந்தது. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேர் அதைச் சுமக்கின்றனர். தென்னாசியாவில் ஏறக்குறைய ஐம்பது பேர். தூய ஆரியன், தூய திராவிடன் என்று மார்தட்டுவோரையும் அத்துண்டு விலக்கிவைக்கவில்லை.

விஜயன் கதை சொல்லும் மகாவம்சமே அவனுக்கும் தோழர்க்கும் மதுரையிலிருந்து பெண்கள் வந்ததாகக் கூறுகிறது. அவ்விடத்தை வாசிப்போர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நம்மவர்களும் சளைத்தவர்களல்லர், ஆதிக்குடி நாமே என்னும் மேடைப்பேச்சு நமக்கும் இனிக்கிறது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன் அம்பெய்து குரங்கும் அணிலும் வேட்டையாடியவன் சிங்களமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை.

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்திலே தமிழ்ப் பூசையும் சிங்களப் பூசையும் ஒரே பீடத்தில் நடக்கின்றன. நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தில் பாட்டன் தமிழ் பேசினான். பேரன் சிங்களம் பேசுகிறான். இடையில் நடந்தது குருதி மாற்றமன்று. பள்ளிக்கூடத்தின் பயிற்றுமொழி மாறிற்று, அவ்வளவே. குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் இருவரையும் வெவ்வேறு கட்டத்தில் எழுதிக்கொள்கிறார்.

2023இல் இலங்கை, இந்திய அறிஞர்கள் கூடிச் சிங்களவரின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டனர். வடமேற்கு இந்தியத் தொடர்பின் சாயல் அதில் தெரிகிறது. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் சிங்களவருக்கு மிக நெருங்கியோராக நிற்பவர்கள் இலங்கைத் தமிழர்களே. மொழியெல்லையைத் தாண்டி மணவுறவு நெடுங்காலம் ஓடியிருக்கிறது. 26 மக்கட்கூட்டங்களிலிருந்து 2,504 பேரின் மரபணுவைத் திரட்டிய உலகத் திட்டமொன்றிலும் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் இடம்பெற்றுள்ளனர். அத்திட்டத்தின் பதிவேட்டில் அவர்களுக்குரிய தலைப்பு, 'ஐக்கிய இராச்சியத்திலுள்ள இலங்கைத் தமிழர்' என்பது. ஒப்பிடுவதற்குரிய தமிழ்க் குருதி வெள்ளவத்தையில் எடுக்கப்பட்டதன்று; பிரித்தானியாவில் எடுக்கப்பட்டது.