வீட்டில் கணிதம் கற்பித்தல்

வீட்டில் கணிதம் கற்பித்தல் என்பது பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, மூத்த பிள்ளைகளோ பள்ளிக்கு வெளியே குழந்தைக்கு எண்ணும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதைக் குறிக்கும். பள்ளிக்கே அனுப்பாமல் முழுக்க வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் இந்தியாவில் குறைவு. பெரும்பாலான வீடுகளில் இது மாலையில் வீட்டுப்பாட நேரத்து வேலை. மற்றப் பாடங்களில் எழாத சண்டையும் அழுகையும் கணக்கில் எழுவதற்குப் பெற்றோரின் படிப்புக் குறைவே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. பட்டதாரிகளின் வீட்டிலும் அதே அழுகை கேட்பதால் அந்த விளக்கம் போதாது.

முறைகளின் மோதல்

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் பலர். அது கவனக்குறைவு அன்று. 2இலிருந்து 7 போகாது என்பதால், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் விதியை அந்தக் குழந்தை தானே வகுத்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் தமக்குத் தெரிந்த வழியைச் சொல்கின்றனர்: பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. விடை 25 என்று வந்துவிடும். மறுநாள் 402இலிருந்து 17ஐக் கழிக்கும்போது பக்கத்து வீட்டில் பூஜ்யம் நிற்கும். கடன் கொடுக்க ஆளில்லை. கடனாக வந்தது ஒன்று அன்று, ஒரு பத்து என்பது சொல்லப்படாமலே போனதன் விளைவு இது.

இன்றைய தொடக்கப்பள்ளிப் பாடங்கள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பிரிப்பதிலும் எண்கோட்டில் தாவுவதிலும் தொடங்குகின்றன. 17இலிருந்து 20க்கு 3, 20இலிருந்து 42க்கு 22, ஆக 25. சுற்றிவளைப்பதாகப் பெற்றோருக்குத் தோன்றும் இதே வழியில்தான் சில்லறை எண்ணிக் கொடுக்கும் கடைக்காரரும் போகிறார். ஆனால் பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்றாகும்போது குழந்தை இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து போடுகிறது.

தொற்றும் அச்சம்

அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்த எரின் மலோனி, சியான் பைலாக் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணிதம் கற்றனர். ஆண்டிறுதியில் அவர்களின் அச்சமும் கூடியிருந்தது. அதே அச்சமுள்ள பெற்றோர் குறைவாக உதவிய வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. “எனக்கும் கணக்கு வராது” என்று ஆறுதலாகச் சொல்லும் அப்பாவோ அம்மாவோ என்ன கற்றுக்கொடுக்கிறார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆனால் இதைக் காட்டிப் பெற்றோரை விலக்கிவைப்பது தவறு. அதே 2015இல் சிகாகோ பகுதியில் நடந்த மற்றோர் ஆய்வில், இரவில் படுக்கும் முன் சிறு கதைக்கணக்குகளைப் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து படித்தனர். கணக்குக்கு அஞ்சும் பெற்றோரின் குழந்தைகளே இதில் அதிகம் முன்னேறினர். என்ன பேசுவது என்று கையில் ஒன்று கொடுத்தால் அஞ்சுபவரும் நன்றாகவே பேசுகிறார்.

கடைக்கணக்கும் ஏட்டுக்கணக்கும்

“கடைக்குக் கூட்டிப்போனால் கணக்கு தானாக வரும்” என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. அது பாதிதான் சரி. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வந்த ஆய்வில், 35க்கு ஒரு தேங்காய் என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு சிறுவனிடம் கேட்டனர். மூன்று 105, இன்னும் மூன்று 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். இப்படிச் சந்தையில் அநேகமாகத் தவறாத சிறுவர்கள் அதே கணக்கைத் தாளில் எழுதச் சொன்னபோது தடுமாறினர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலியோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. சந்தையில் வேலை செய்யும் குழந்தைகள் பாடநூல் கணக்கில் திணறினர்; பள்ளிக்குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினர். ஒன்று மற்றொன்றாகத் தானே மாறுவதில்லை. கடையிலிருந்து திரும்பியதும் வாங்கியதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பாலம். பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

தமிழ்நாட்டில்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றைச் சிறார் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். கால், அரைக்கால், மாகாணி எனப் பாதியைப் பாதியாக்கும் பின்னங்கள் அங்கே வாய்ப்பாடாக இருந்தன. 1957 ஏப்ரல் 1 முதல் நாணயம் தசம முறைக்கு மாறி, எடையும் அளவையும் பின்தொடர்ந்த பிறகு, அந்த அறிவு வீட்டில் புழங்காமல் போயிற்று. இன்று 8 பெரிய எண் என்பதால் எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடப் பெரிது என்று வாதிடும் குழந்தைக்கு, பரணிலிருக்கும் பழைய படியும் ஆழாக்கும் நல்ல ஆசிரியர்கள்: எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, அதுவே கால் படி.

பயிற்று மொழியும் ஓர் இடைஞ்சல். தமிழ்வழியில் படித்த தாய் வகுத்தி, ஈவு, மீதி என்கிறார். ஆங்கிலவழி மகள் டிவைசர், கோஷன்ட், ரிமைண்டர் என்கிறாள். இருவருக்கும் கணக்கு தெரியும், மற்றவர் சொல்வதுதான் புரியாது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியது. வீட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

பயன் தருவன

எண்கள் வரிசையாக எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டு, பள்ளிக்கு முந்தைய வயதினரின் எண்ணறிவைக் கூட்டுகிறது என்று கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் காட்டினர். பரமபதம் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. 46இல் நிற்கும் காய்க்கு 3 விழுந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாமல் 47, 48, 49 என்று வாய்விட்டுச் சொல்லி நகர்த்தவேண்டும், பயன் அதில்தான். வாய்ப்பாடு மனப்பாடமும் தேவையே, ஆனால் ஏழெட்டு மறந்தால் ஏழேழில் ஒரு ஏழைக் கூட்டத் தெரிந்த பிறகு.

இயற்கணிதம் தொடங்கியபின் பல பெற்றோரால் பாடம் நடத்த இயலாது; நடத்தவும் வேண்டியதில்லை. போட்ட கணக்கைக் குழந்தையையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் படியில் திணறுகிறது என்று குறித்துவைத்து, மறுநாள் அதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.