தூக்கி எறியப்படாத ‘யூஸ் அண்ட் த்ரோ’ காமிரா

மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். சரித்திரம் என்றால் ராஜா, ராணி, யுத்தம் என்றுதான் இருக்க வேண்டுமா என்ன? ஓர் அட்டைப் பெட்டிக் காமிராவுக்கும் சரித்திரம் உண்டு. அதற்குள் கோர்ட்டு வரைக்கும் போன சண்டை ஒன்றும் உண்டு.

பிலிம் காலத்து ஆசாமிகளுக்கு இந்தக் காமிராவைத் தெரிந்திருக்கும். பிளாஸ்டிக் கூடு, மேலே வண்ண அட்டை, முன்னால் சின்னதாக ஒரு பிளாஷ். பிலிமை உள்ளேயே போட்டு மூடி விற்பார்கள். பெரும்பாலும் 27 படம். எடுத்து முடித்தால் காமிராவையே லேபில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் கூட்டைத் திறந்து, பிலிமைக் கழுவிப் படம் தருவார்கள். கூடு நம் கைக்குத் திரும்பாது.

காமிராவையே கொடுத்தனுப்பும் இந்த வழக்கம் புதிதல்ல. 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த முதல் கோடக் காமிராவும் இப்படித்தான். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கு பிலிம். முடிந்ததும் காமிராவோடு ரோச்செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களைப் போட்டு, புது பிலிமும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். ஆக, காமிரா வாங்கியவருடைய சொத்தாகவே இருந்தது.

சுமார் நூறு வருஷம் கழித்து இந்த ஏற்பாடு மாறியது. 1986-ல் ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி ‘உட்சுருன்-டெசு’ என்ற காமிராவை வெளியிட்டது. ‘படம் விழுந்துடுங்க’ என்கிற மாதிரி விளையாட்டான பெயர். மறு வருஷமே 35 மி.மீ. பிலிமுக்கு மாறினார்கள், அதையடுத்து பிளாஷும் சேர்ந்தது. 1987-ல் கோடக் தன் பங்குக்கு ‘ஃப்ளிங்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே ‘வீசியெறி’ என்றொரு அர்த்தம் உண்டு. குப்பை பெருகுகிறதே என்று ஜனங்கள் முணுமுணுத்த காலம் அது. பின்னாளில் அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘ஃபன் சேவர்’ என்று வைத்தார்கள்.

இங்கே பிளாஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றுதான். டிரான்சிஸ்டரும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து அதை 300 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, ஒரு கெபாசிட்டரில் சேர்த்து வைக்கும். அப்போது ‘கீ...’ என்று கேட்கிற மெல்லிய சத்தம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சின்ன விளக்கு எரிந்தால் தயார் என்று அர்த்தம். பட்டனை அழுத்தினால், செனான் வாயு நிரம்பிய குழாய் வழியே அத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் பாய்ந்து, பளிச்! வெளிச்சம் பத்தடி தூரம் எட்டும். அதற்கு அப்பால் நிற்பவர் மாமனாராக இருந்தாலும் இருட்டில்தான்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பிளாஷ் காமிரா கிடைத்தால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடாதீர்கள். கெபாசிட்டரில் மிச்சமிருக்கிற சார்ஜ் பலமாக ஷாக் அடிக்கும்.

சரி, 27 படம் முடிந்ததும் இந்த பிளாஷ் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! சர்க்யூட் நன்றாகவே இருக்கும். லென்ஸும் ஷட்டரும் அப்படியே. தீர்ந்தது பிலிம் மட்டும்தான். இது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? 1990 முதல் கோடக் லேபுகளிலிருந்து கூடுகளைத் திரும்பச் சேகரித்து, பிளாஷ் சர்க்யூட் முதலான பாகங்களை மறுபடி புதுக் காமிராவில் பயன்படுத்தியது. ‘தூக்கி எறி’ என்பது வாங்கியவருக்குச் சொன்ன வார்த்தை. எறிந்ததைப் பத்திரமாகப் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள்.

அதையே வேறொருவர் பொறுக்கினால்? அங்கேதான் சண்டை. ஜாஸ் ஃபோட்டோ என்ற அமெரிக்கக் கம்பெனி, காலிக் கூடுகளைப் புதுப்பித்து விற்றது. அட்டையைக் கழற்றி, கூட்டைத் திறந்து, புது பிலிம் போட்டு, பிளாஷ் இருந்தால் பேட்டரியை மாற்றி, ஒட்டி, வேறு அட்டை மாட்டுவதுதான் வேலை. 1998-ல் ஃபியூஜி புகார் கொடுத்தது. ‘இது ஒரே தடவைக்கு என்று விற்ற பொருள். பழுது பார்ப்பது என்ற பெயரில் எங்கள் காப்புரிமைக் காமிராவைப் புதிதாகச் செய்கிறார்கள்’ என்பது அவர்கள் கட்சி. 1999-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஃபியூஜி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றியது. பிலிம் மாற்றுவது ரிப்பேர்தான். அட்டையில் அச்சடித்த வாசகம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகாது என்றது. ஆனால் முதல் விற்பனை அமெரிக்காவில் நடந்த காமிராவுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று ஒரு முடிச்சையும் போட்டது.

அந்த முடிச்சு அவிழ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிண்டருக்குப் போடுகிற டோனர் கார்ட்ரிட்ஜ் பற்றிய வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்ற இடம் எதுவானாலும், விற்றதோடு அந்தப் பொருள்மீது காப்புரிமைப் பிடி தீர்ந்தது என்று சொல்லிவிட்டது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த அட்டைக் காமிராவின் முக்கியமான சரித்திரம் அது எடுத்த படங்களில் மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுக்க நம்முடையதா, திறக்கலாமா, சரி பண்ணலாமா என்ற கேள்வியை அது கிளப்பியது. இன்று பேட்டரியைக் கூட நாமே மாற்ற முடியாதபடி ஒட்டி வருகிற செல்போனை வைத்துக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். எஞ்சினியரிங் பக்கம் போகிற தம்பிகளும், சட்டம் படிக்கப் போகிற தங்கைகளும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கூட்டை வடிவமைப்பவரும், வழக்கு வந்தால் வாதாடப் போகிறவரும் உங்களில் யாரோ ஒருவராக இருக்கலாம்.