திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவும் புற்றுநோயும்

மனித டிஎன்ஏவில் புரதங்களுக்கான செய்தியைத் தாங்கிய பகுதி சுமார் 1.5 விழுக்காடுதான். பாதி அளவை அடைத்துக்கொண்டிருப்பவை திரும்பத் திரும்ப வரும் துணுக்குகள். ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ள அல்யூ என்ற துணுக்கு பத்து லட்சம் இடங்களுக்கு மேல் காணப்படுகிறது. அதைவிட நீளமான லைன்-1 மொத்தத்தில் ஏறத்தாழ 17 விழுக்காடு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம் மூதாதை உயிரினங்களின் இனப்பெருக்க செல்களில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் எச்சம் இன்னொரு 8 விழுக்காடு.

இவை இருப்பதே நெடுங்காலம் தெரியாது. அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் மக்காச்சோள மணிகளின் நிறமாற்றங்களை ஆராய்ந்த பார்பரா மக்ளின்டாக், இடம்விட்டு இடம் தாவும் மரபுக்கூறுகள் உண்டு என்பதை 1940களின் இறுதியில் கண்டார். 1951இல் அங்கு நடந்த கருத்தரங்கில் அவர் அதை விளக்கியபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நோபல் பரிசு வந்தது 1983இல். அப்போது அவருக்கு 81 வயது. இடையில், 1968இல், கார்னகி நிறுவனத்தின் ராய் பிரிட்டனும் டேவிட் கோனும் வேறொரு வழியில் அதே உலகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டிஎன்ஏவின் இரு இழைகளையும் சூடாக்கிப் பிரித்துவிட்டு, அவை மறுபடி சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். எலி டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்கு நம்பமுடியாத வேகத்தில் சேர்ந்தது. அந்தப் பங்கில் ஒரே சிறு வரிசை ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகளாக இருந்ததே காரணம்.

இத்தனை பிரதிகள் எதற்கு என்பதற்கு விடை இல்லாததால் அலட்சியம் வந்தது. 1972இல் சுசுமு ஓனோ பெரும்பகுதி டிஎன்ஏவைக் குப்பை என்றார். 1980இல் லெஸ்லி ஆர்கலும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் இவற்றைத் தன்னலத்துக்காகப் பெருகும் ஒட்டுண்ணிகள் என்றார்கள். ஒட்டுண்ணி என்ற பார்வை குப்பை என்பதைவிடப் பயன் தந்தது. ஒட்டுண்ணி என்றால் அதை அடக்கிவைக்க செல் ஏதாவது செய்தாக வேண்டும் அல்லவா? அந்த ஏற்பாடு டிஎன்ஏ மீது ஒட்டப்படும் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி என்று 1990களில் திமோதி பெஸ்டரின் குழு வாதிட்டது. மீத்தைல் ஒட்டும் நொதியை நீக்கிய எலிக்கருக்களில், உறங்கிக்கிடந்த ரெட்ரோவைரஸ் எச்சங்கள் விழித்துக்கொண்டதை 1998இல் காட்டியது.

புற்றுநோய் இந்தக் கதைக்குள் வந்தது இதற்கும் முன்பே. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் பெருங்குடல் கட்டிகளின் டிஎன்ஏவில், அருகிலுள்ள நல்ல திசுவைவிட மீத்தைல் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். பூட்டு தளர்ந்தால் உள்ளே இருப்பவை வெளிவரும். ஆனாலும் இதன் அளவு 2011வரை யாருக்கும் உறைக்கவில்லை. அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் டேவிட் டிங், டேனியல் ஹேபர் குழு, கணையப் புற்றுநோய் கண்ட பத்து எலிகளில் எட்டில், குரோமோசோமின் நடுப்பகுதியை ஒட்டிய சாட்டிலைட் துணுக்குகளின் ஆர்என்ஏ, செல்லின் மொத்த ஆர்என்ஏ பிரதிகளில் சராசரியாக 12 விழுக்காடாக இருப்பதைக் கண்டது. ஆராய்ந்த 15 மனிதக் கணையக் கட்டிகளிலும் இதே போன்ற பெருக்கம் தெரிந்தது.

எதிர்ப்பாற்றலின் வரலாறு தனிப் பாதையில் வந்தது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். வைரஸ் புகுந்த செல் அண்டை செல்களை எச்சரிக்க வெளிவிடும் பொருள் அது. இரட்டை இழை ஆர்என்ஏ மட்டுமே இந்த எச்சரிக்கையைக் கிளப்பப் போதும் என்று 1967இல் மாரிஸ் ஹில்மன் குழு காட்டியது. பல வைரஸ்கள் பெருகும்போது அத்தகைய ஆர்என்ஏ உண்டாகிறது. நலமான செல்லில் அது மிகக் குறைவு. திரும்ப வரும் துணுக்குகளோ இரு திசைகளிலும் படியெடுக்கப்படுவதால் எளிதில் இரட்டை இழையாகிவிடுபவை.

இரண்டு பாதைகளையும் இணைத்தது ஒரு பழைய மருந்து. அசாசைட்டிடின் 1964இல் பிராகில் தயாரிக்கப்பட்டு, ரத்தப் புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. நச்சுத்தன்மை கடுமையாக இருந்தது. அது மீத்தைல் குறி ஒட்டப்படுவதைத் தடுக்கிறது என்பதை 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் கண்டார்கள். குறைந்த அளவே போதும் என்று புரிந்த பிறகுதான் மருந்தாக நிலைத்தது. 2004இல், எலும்பு மஜ்ஜை சரியாக ரத்த அணுக்களை உருவாக்காத எம்.டி.எஸ். நோய்க்கு அமெரிக்கா அனுமதி தந்தது.

அது வேலை செய்யும் விதம் குறித்து, 2015 ஆகஸ்டில் 'செல்' இதழில் டொரன்டோவின் டேனியல் டி கார்வால்யோ குழுவும் பால்டிமோரின் ஸ்டீபன் பேலின் குழுவும் தனித்தனியே எழுதின. முன்னது பெருங்குடல் புற்றுச் செல்களிலும் பின்னது சூலகப் புற்றுச் செல்களிலும் ஆராய்ந்தது. கண்டது ஒன்றே: மீத்தைல் போனதும் பழைய ரெட்ரோவைரஸ் எச்சங்கள் இரட்டை இழை ஆர்என்ஏவாக வெளிவந்தன, செல்லின் உணர்கருவிகள் அதை வைரஸ் தொற்று என்று எண்ணி இன்டர்ஃபெரான் பாதையை இயக்கின. இல்லாத ஒரு தொற்றுக்கு உடல் போர் தொடுக்கிறது. அடி விழுவது புற்றுச் செல்லின் மீது.

புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை. அடார்-1 என்ற நொதி இரட்டை இழை ஆர்என்ஏவின் எழுத்துகளைத் திருத்தி அதை உணர்கருவிகளிடமிருந்து மறைத்துவிடுகிறது. அந்த நொதியை நீக்கினால், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சைக்குக் கட்டிகள் எளிதில் இணங்குகின்றன என்று 2019இல் எலிச் சோதனைகள் காட்டின. 2023இல் லண்டன் கிரிக் நிறுவனத்தின் ஜார்ஜ் காசியோடிஸ் குழு, நுரையீரல் புற்றுநோயாளிகளின் உடலில் பழைய ரெட்ரோவைரஸ் உறைப்புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருப்பதைப் பதிவு செய்தது.

ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்தது மருத்துவமனையில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. மீத்தைல் நீக்கும் மருந்தையும் எதிர்ப்பாற்றலின் தடையை விடுவிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பரிசோதனைகள், திடக் கட்டிகளில் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. இந்த மருந்துகளின் உறுதியான பயன்பாடு இன்றும் ரத்தம், எலும்பு மஜ்ஜை சார்ந்த நோய்களில்தான்.