ஓர் அங்குலத்துக்கு 96

கணினி அச்சு வழக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். 1984-இல் வந்த ஆப்பிள் மேகின்டோஷ் அந்தக் கணக்கை அப்படியே திரைக்கு ஏற்றியது. 9 அங்குலத் திரையில் குறுக்கே 512, நெடுக்கே 342 பிக்சல். அங்குலத்துக்கு ஏறத்தாழ 72. திரையில் 12 பாயிண்ட் எழுத்து எவ்வளவு உயரமோ, அச்செடுத்தாலும் அதே உயரம். மைக்ரோசாஃப்ட் வேறு கணக்குப் போட்டது. கையில் பிடிக்கிற காகிதத்தைவிடத் திரை கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்கிறது, எழுத்தையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும் என்றார்கள். 72-உடன் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட, வந்தது 96.

எந்த மானிட்டரையும் அளந்து பார்த்து எடுத்த எண் அல்ல. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டது. 14 அங்குல மானிட்டர் மாட்டினாலும் 17 மாட்டினாலும் விண்டோஸ் வழக்கமாக 96 என்றே சொல்லும். அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்கிற இந்த எண், அதாவது டிபிஐ, என்ன என்று நிரல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஆனால் எப்போது கேட்டாலும் ஒரே பதில் வருகிற கேள்வியை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? புரோகிராமர்கள் அளவுகளை நேராக ஹார்ட்கோட் செய்தார்கள். நாம் தினமும் அமுக்குகிற ஓகே பட்டன் 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரம். 96 கணக்கில் அது சுமார் 2 செ.மீ. அகலம், 6 மி.மீ. உயரம், மவுஸுக்கு வசதியான அளவு.

முதல் எச்சரிக்கை விண்டோஸ் 95 காலத்திலேயே வந்துவிட்டது. எழுத்து சிறிதாகத் தெரிகிறவர்களுக்காக 120 டிபிஐ கொண்ட 'லார்ஜ் ஃபாண்ட்ஸ்' இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வளரும், பிக்சலில் பூட்டப்பட்ட பெட்டி வளராது. சொல்லின் வால் வெட்டுப்பட்டு நிற்கும். எழுத்தின் அளவையே அளவுகோலாக்கி டயலாக் பாக்ஸ் வரைகிற ஏற்பாடும் விண்டோஸில் இருந்தது. அதைக் கடைப்பிடித்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களின் வேலை 96-இல் மட்டும் சோதிக்கப்பட்டு வாடிக்கையாளர் கைக்குப் போனது.

2001-இல் ஐபிஎம் டி220 என்ற மானிட்டரை வெளியிட்டது: 22.2 அங்குலம், 3840-க்கு 2400 பிக்சல், அங்குலத்துக்கு 204. அதில் பழைய மென்பொருள் பாதிக்கும் குறைவான அளவில் தெரியும். இன்றைய 15.6 அங்குல 4கே லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். அங்குலத்துக்கு 282 பிக்சல் இருப்பதால் அந்த ஓகே பட்டன் 7 மி.மீ. அகலம்கூட இல்லை, உயரம் 2 மி.மீ.

2007-இல் விண்டோஸ் விஸ்டா இதற்கு ஒரு பொய் கண்டுபிடித்தது. வள்ளுவர் அனுமதித்த வகைப் பொய்தான். பழைய நிரல் கேட்டால் "திரை இன்னும் 96தான்" என்று சொல்லிவிடும். நிரல் அதை நம்பி மறைவில் ஒரு சிறு படமாகத் தன்னை வரையும்; விண்டோஸ் அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கித் திரையில் ஒட்டும். பட்டன் பட்டனாகவே இருந்தது, எழுத்துதான் மங்கியது. பலர் திட்டினார்கள். எழுதியவர் எங்கே என்றே தெரியாத, மூலநிரல் தொலைந்துபோன மென்பொருள்கள் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றை மறுபடி எழுதுங்கள் என்று யாரிடம் சொல்வது? மங்கலாகவாவது தெரியட்டும் என்று முடிவெடுத்தது சரிதான் என்பேன். எனக்குக் கோபம் வருவது வேறு கூட்டத்தின் மேல். எனக்கு டிபிஐ தெரியும், என்னைத் தொடாதே என்று, தன்னைப் பற்றி விண்டோஸுக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் சத்தியம் செய்துவிட்டு உள்ளே ஒன்றும் மாற்றாத நிரல்கள்! விண்டோஸ் அந்தச் சத்தியத்தை மதித்து ஒதுங்கிக்கொள்ளும். மெனு எறும்பாக ஊரும்.

ஆப்பிளுக்கு இவ்வளவு பாடு இல்லை. 2012-இல் ரெட்டினா மேக்புக் ப்ரோ 2880-க்கு 1800 பிக்சலோடு வந்தது. 1440-க்கு 900-ஐச் சரியாக இரட்டித்த கணக்கு, ஒரு பழைய பிக்சலுக்கு நான்கு புதியவை. திரையும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது. விண்டோஸுக்கோ ஆளுக்கொரு அளவில் திரை செய்கிற எத்தனையோ நிறுவனங்கள். அதனால் 125, 150 சதவீதம் என்று பின்னக் கணக்கு. ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சல் ஆனால் அதை எங்கே போடுவது?

2013-இல் விண்டோஸ் 8.1 வந்தபோது திரைக்குத் திரை டிபிஐ மாறத் தொடங்கியது. லேப்டாப்பிலிருந்து பக்கத்து மானிட்டருக்கு ஜன்னலை இழுத்தால் நடுவழியில் நிரலுக்குத் தகவல் போகும், அது தன் அளவுகளை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். 2017-இல் விண்டோஸ் 10 பொய்யையே செப்பனிட்டது. நிரல் வரைந்து முடித்த படத்தை இழுக்காமல், அது கொடுக்கும் வரைதல் கட்டளைகளை வழியிலேயே பிடித்துப் பெருக்கியது. எல்லா நிரலுக்கும் இது பலிக்காது. பலித்த இடத்தில் 20 வருடப் பழைய டயலாக் பாக்ஸின் எழுத்தும் கூர்மையாகத் தெரிந்தது. ஐகான்கள் மட்டும் பழையபடி மங்கலாகவே இருந்தன. 16 பிக்சலில் வரைந்த படத்துக்குள் அதற்குமேல் விவரம் இல்லையே.

96 ஓய்வு பெறவில்லை. இணையப் பக்கங்களின் வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஓர் அங்குலம் என்றால் இன்றும் 96 பிக்சல், கைபேசியிலும் அப்படித்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் 100 சதவீதம் என்பது 96, 150 என்பது 144. 4கே திரைக்கென்றே புதிதாக விண்டோஸ் நிரல் எழுத உட்காருகிறவரும் பட்டனின் அளவைத் திரையின் டிபிஐயால் பெருக்கி 96-ஆல்தான் வகுக்கிறார்.